மூன்று குறைவு

காலை ஏழு மணிக்கு என் வேலை
ஓடையின் குறுக்கே கட்டிய சின்ன அணையில்
சல்லடை அடைத்த இலையை வாருவது.
ஆயிர் ஈத்தாமிலிருந்து மோட்டாரில்
பாலிக் புலாவ் வளைவுகளில் பாதி தூரம்,
டுரியான் தோப்பு முடிகிற இடத்தில் இரும்புக் கதவு.
சாவி என்னிடம்.
பினாங்கு குடிப்பதில் ஒரு மிடறு
என் வாருகோலைத் தாண்டித்தான் போகிறது என்றால்
புஷ்பலீலா சொல்வாள்:
"அதான் குழாய்த் தண்ணியில ஒரு வாடை."

சல்லடைக்கு மேலே, தண்ணீர் வெள்ளையாகிற பாறையில்
அது இருக்கிறது.
அகன்ற இலையை ஆறு பிடித்து இழுக்கும்.
இது விரலைவிட ஒடுங்கிவிட்டது.
வேரைப் பார்த்தால்
ஜெட்டி பஸ்ஸில் கடைசியாக ஏறியவன்
கம்பியைப் பிடித்திருக்கும் கை.

ரோஸ்லான் கெலாடி என்பான். நான் சேம்பு என்பேன்.
குழம்புக்கு ஆகாது என்பதோடு
எங்கள் தாவரவியல் முடிந்தது.

பிறகு ஹஸ்னா வந்தாள், பல்கலைக்கழகத்திலிருந்து,
முழங்கால் நீரில், கழுத்தில் உருப்பெருக்கி தொங்க.
பிப்டோஸ்பாத்தா என்றாள்,
சம்பந்தியை அறிமுகம் செய்கிற குரலில்.
பூமடல் விழுந்துவிடுமாம், அதனால் அந்தப் பெயர்.
விழுவது மேல்பாதிதான்.
அடிப்பாதி கிண்ணமாக நிற்கிறது, உள்ளே விதை,
ஒரு மழைத்துளி குறிதவறாமல் விழ வேண்டும்.
விழுந்தால் தெறிக்கும்.
அவ்வளவுதான் அதன் பயணத் திட்டம்.

அறுபத்தொரு கொத்து எண்ணினாள்.
"வெள்ளத்துக்குப் பிறகு எண்ணிச் சொல்லுங்கள், அங்கிள்."

பள்ளி திறக்கும் மாதம்.
பசார் மாலாமில் மீன்தொட்டி விற்கும் தியோ
கொத்துக்கு நாற்பது வெள்ளி என்றான்.
மூன்று எடுத்தேன். கத்தி தேவைப்பட்டது.
பாறையின் தோலும் கொஞ்சம் கூடவே வந்தது.
அன்றைக்குப் பார்த்து தியோ கடை போடவில்லை.

பதினான்காவது மாடியில், ஐஸ்கிரீம் டப்பாவில்,
குழாய்த் தண்ணீரில் வைத்தேன்.
அதே ஓடைத் தண்ணீர்தான்.
ஆனால் நின்றது.
நான்கு நாளில் இலை கண்ணாடியாகி, பிறகு கூழாகி,
புஷ்பலீலா எதுவும் கேட்காமல் டப்பாவைக் கழுவி
கருவேப்பிலை போட்டு வைத்தாள்.

நவம்பரில் ஆறு வந்தது.
மரம், சேறு, யாருடையதோ ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி.
சல்லடைக் கம்பியே வளைந்துவிட்டது.
மூன்றாம் நாள் இறங்கி எண்ணினேன்.
ஐம்பத்தெட்டு.
ஒன்றையாவது எடுத்திருக்காதா என்று
மறுபடி எண்ணினேன்.
ஐம்பத்தெட்டு.
ஆறு ஒன்றையும் தொடவில்லை.

பதிவேட்டில் நேரம், மட்டம், கலங்கல்.
குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
வெள்ளத்தில் மூன்று போயின.

ஹஸ்னா அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டாள்.
"நூற்றுக்கு ஐந்து," என்றாள், முகம் மலர்ந்து,
"நான் நினைத்தது சரி."
இப்போது எங்கோ ஒரு வரைபடத்தில்
ஒரு கோடு லேசாக இறங்குகிறது.
ஆறு செய்யாத காரியம்.
அதன் பேரில் பதிவாகி இருக்கிறது.

இன்று மழை.
மழைச்சட்டைக்குள் குனிந்து கிண்ணத்தையே பார்த்திருந்தேன்.
பக்கத்தில் விழுகிறது, இலையில் விழுகிறது,
என் மூக்கில் விழுகிறது.
பிறகு ஒன்று உள்ளே விழுந்தது. நான் பார்க்கவில்லை,
கைக்கடிகாரக் கண்ணாடியில்
கடுகைவிடச் சிறிதாக ஏதோ ஒட்டியிருந்தது.

கத்தி பட்ட இடம் இன்னும் வெளுத்திருக்கிறது.
அதில் கடிகாரத்தைத் தேய்த்தேன்.
இதனால் ஒன்றும் ஆகாது என்று தெரியும்.

கதவருகே ஒரு கோடு சிக்னல் கிடைக்கும்.
"ஹலோ, அங்கிள்?"
"அந்த மூன்று…" என்றேன்.
"தண்ணீர்ச் சத்தம், அங்கிள்,
கேட்கவே இல்லை,
கத்திச் சொல்லுங்கள்."